கென் லோச்சும் தொலைக்காட்சி நாடகமும்

தொலைக்காட்சி நாடகம் என்றதும் நம்முட் பலர் முகஞ் சுளிப்பர். மாமிக்கும் மருமகளுக்கும் இடையே முடிவின்றி நீளும் சண்டையும், மாளிகை போன்ற வீடுகளிற் பட்டுடுத்து நின்று அழும் பெண்களுமே அச்சொல்லோடு நினைவுக்கு வருகின்றன. இலக்கியம் கற்றவர்கள் பேசுதற்குரிய பொருளன்று இது என ஒதுக்கிவிடுவதும் எளிதாகின்றது. ஆனால், ஒரு கலைவடிவம் யாருடைய கையில் இருக்கின்றது, எந்நோக்கத்துக்காக வழங்கப்படுகின்றது என்பவற்றை ஆராயாது வடிவத்தையே பழிப்பது வரலாற்று நோக்கு ஆகாது. நாவலையும் ஒரு காலத்திற் பொழுதுபோக்குச் சரக்கென்று கற்றோர் ஒதுக்கினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1966 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆந் திகதி புதன்கிழமை இரவு, பிரித்தானிய மக்களுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர், அதாவது ஒரு கோடியே இருபது இலட்சம் பேர், தத்தம் வீடுகளில் இருந்தவாறே ஒரு நாடகத்தைப் பார்த்தனர். குடியிருக்க இடமின்றி அலைந்து சிதைந்துபோகும் ஓர் இளங் குடும்பத்தின் கதை அது. 'கேத்தி கம் ஹோம்' என்பது அதன் பெயர்; 'கேத்தி, வீட்டுக்கு வா' என்பது பொருள். வருவதற்கு வீடில்லாதவளைப் பார்த்து வீட்டுக்கு வா என்றழைக்கும் அத்தலைப்பிலேயே அதன் கசப்பு முழுவதும் அடங்கியுள்ளது. அந்நாடகத்தை நெறிப்படுத்திய கென் லோச்சுக்கு அப்போது வயது முப்பது. எந்தச் சமுதாயச் சூழல் இத்தகைய நெறியாளரை உருவாக்கிற்று, அவரது குரல் எதுவரை அனுமதிக்கப்பட்டது, எவ்விடத்திலே தடுக்கப்பட்டது என்பனவே இங்கு நாம் ஆராய விரும்புபவை.

லோச் 1936 ஜூன் 17 இல் இங்கிலாந்தின் மத்திய பகுதியிலுள்ள நனீட்டன் என்னும் தொழில் நகரிற் பிறந்தார். தந்தையார் இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் மின்சாரத் தொழிலாளி. மகன் உள்ளூர் இலக்கணப் பாடசாலையிற் கற்று, இரண்டாண்டு விமானப் படையிற் கட்டாயச் சேவை முடித்து, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றார். இது அவருடைய தனித் திறமையினால் மாத்திரம் நிகழ்ந்ததன்று. 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. அதன் பயனாக, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினர் முதன்முறையாக உயர்கல்வியின் வாசலை எட்டினர். சுரங்கத் தொழிலாளியின் மகனான டெனிஸ் பொட்டர், சுரங்கத் தொழிலாளர் கிராமத்திலிருந்து வந்த பாரி ஹைன்ஸ், பேர்மிங்ஹாம் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளையான டொனி கார்னெட் ஆகியோரும் அதே தலைமுறையினரே. பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகத்தின் உயர்ந்த காலம் எனப்படுவது ஒரு கல்விச் சட்டத்தின் விளைவுமாகும் என்பது ஆசிரியர்களாகிய நாம் ஊன்றி நோக்கவேண்டிய உண்மை.

சட்டம் பயின்ற லோச் நீதிமன்றம் புகவில்லை. நாடக மேடையை நாடினார். நடிகராகவும் உதவி நெறியாளராகவும் சில காலம் உழைத்தபின், 1963 இல் பி.பி.சி. நிறுவனத்திற் பயிற்சி நெறியாளராகச் சேர்ந்தார். அன்றைய தொலைக்காட்சி நாடகம் பெரும்பாலும் கலையகத்துள் அடைபட்டுக் கிடந்தது. மூன்று சுவர் கொண்ட அறைகளை அமைத்து, பாரமான கமராக்கள் பலவற்றை நிறுத்தி, மேடை நாடகத்தைப் படம்பிடிப்பது போலவே அதனை ஒளிபரப்பினர். பாத்திரங்கள் அறைக்குள் வருவர், பேசுவர், போவர். தெருவும் தொழிற்சாலையும் வசனத்திற் குறிப்பிடப்படும், கண்ணுக்குத் தெரியா.

இந்நிலை மாறுவதற்கு இரு காரணங்கள் இருந்தன. 1955 இல் தொடங்கிய வர்த்தகத் தொலைக்காட்சியின் போட்டியினால் பி.பி.சி. தன் பழைய மிடுக்கைச் சிறிது தளர்த்த நேர்ந்தது. அப்போட்டியாளரிடமிருந்தே கனடா நாட்டவரான சிட்னி நியூமனை அழைத்து, 1963 இல் நாடகப் பிரிவுக்குத் தலைவராக்கியது. சமகால வாழ்வைச் சமகால எழுத்தாளரே எழுதவேண்டும் என்பது நியூமனின் கொள்கை. 1964 இல் 'புதன்கிழமை நாடகம்' என்னும் வரிசை தொடங்கிற்று. மற்றைய காரணம் கருவி சார்ந்தது. பதினாறு மில்லிமீற்றர் படச்சுருளைக் கொள்ளும் இலேசான கமராவைத் தோளிற் சுமந்து செல்லலாம், தெருவுக்குள் இறங்கலாம், கூட்டத்தோடு கூட்டமாக நடக்கலாம். செய்திப் பிரிவினர் கையாண்ட இக்கருவியை நாடகத்துக்கு உரியதாக்கியமையே லோச்சும் அவருடைய தோழர்களும் செய்த முதற் புரட்சி. கருவி மாறியதும் பார்வை மாறிற்று. பார்வை மாறியதும் கதைமாந்தர் மாறினர்.

1965 நவம்பரில் ஒளிபரப்பான 'அப் த ஜங்ஷன்' இம்மாற்றத்தின் முதல் முழக்கம். நெல் டன் என்னும் பெண் எழுத்தாளரின் கதைகளை அடியொற்றிய இந்நாடகம், தென் இலண்டனில் இனிப்புத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்யும் மூன்று இளம் பெண்களைப் பற்றியது. அவர்களுள் ஒருத்தி சட்டவிரோதமான கருச்சிதைவுக்கு உள்ளாகின்றாள். அவள் வேதனையிற் கதறும் காட்சியோடு, அத்தகைய முறைகளின் ஆபத்தைப் புள்ளிவிபரத்துடன் எடுத்துரைக்கும் மருத்துவர் ஒருவரின் குரலும் ஒலிக்கின்றது. ஒழுக்கத்தின் காவலர்கள் கொதித்தெழுந்தனர். ஆனால் அக்காலத்திலேயே கருச்சிதைவுச் சட்டம் பற்றிய வாதம் நாட்டிலே நிகழ்ந்துகொண்டிருந்தது. 1967 இற் சட்டமும் திருத்தப்பட்டது. நாடகமே சட்டத்தைக் கொணர்ந்தது என்று கூறுவது மிகையாகும். பத்திரிகைப் பத்திகளில் நடந்த வாதத்தைச் சமையலறைகளுக்குக் கொண்டுசென்றது எனக் கூறுவது பொருந்தும்.

அந்நாடகத்துக்குக் கதைப் பொறுப்பாளராக இருந்தவர் டொனி கார்னெட். அவர் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, இரகசியமாகச் செய்யப்பட்ட கருச்சிதைவினால் அவருடைய தாய் இறந்தார். பத்தொன்பது நாட்களின் பின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். இச்செய்தியைக் கார்னெட் அன்று எவருக்கும் பறைசாற்றவில்லை, முதுமையிலேதான் வெளியிட்டார். இரக்கத்துக்குரியவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளாது, தம்மைப் போன்ற ஆயிரக்கணக்கானோரின் துயரமாக அதனை மாற்றியமையே கலைஞனின் நேர்மை எனலாம். தனிமனித வேதனை சமுதாய உண்மையாக மாறும் இடத்திலேயே யதார்த்தக் கலை பிறக்கின்றது.

கார்னெட் தயாரிப்பாளராகவும் லோச் நெறியாளராகவும் இணைந்து படைத்ததே 'கேத்தி கம் ஹோம்'. வீடற்றோர் தங்கும் விடுதிகளை நேரிற் கண்டு ஆராய்ந்த ஜெரமி சான்ட்போர்ட் அதனை எழுதினார். கேத்தி என்னும் இளம்பெண் லொறிச் சாரதியான ரெஜ்ஜை மணக்கின்றாள். வாழ்க்கை நன்றாகவே தொடங்குகின்றது. வேலையின்போது நேர்ந்த விபத்தினால் ரெஜ் வேலை இழக்கின்றான். வாடகை கொடுக்க இயலவில்லை. மாமியார் வீட்டு நெரிசல், இடிந்த குடியிருப்பு, வண்டிவீட்டு முகாம், பாழடைந்த கட்டடம் எனப் படிப்படியாகக் குடும்பம் கீழிறங்குகின்றது. முகாமுக்கு அயலவர் தீ வைக்கின்றனர். கடைசியில் வீடற்றோர் விடுதி. அங்கே தாய்க்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே இடமுண்டு, கணவனுக்கு இல்லை. விடுதிக் காலமும் முடிந்தபின், புகையிரத நிலையமொன்றின் வாங்கிலே பிள்ளைகளோடு ஒதுங்கியிருக்கும் கேத்தியிடமிருந்து அதிகாரிகள் பிள்ளைகளைப் பலவந்தமாகப் பறித்துச் செல்கின்றனர். அவள் தனியே நிற்கின்றாள்.

இக்கதையிற் கொடியவன் என்று ஒருவனும் இல்லை. வாடகை கேட்பவனும், பட்டியலைப் பார்த்து இடமில்லை என்பவளும், பிள்ளைகளைக் கொண்டுசெல்லும் அதிகாரியும் தத்தம் கடமையையே செய்கின்றனர். ஒவ்வொரு விதியும் தன்னளவிற் காரணமுடையது. எல்லா விதிகளும் சேர்ந்து ஒரு குடும்பத்தை அழிக்கின்றன. சான்ட்போர்டின் வசனத்தோடு, பெயரறியாத மக்களின் குரல்களும் வீடில்லாப் பிரச்சினை பற்றிய புள்ளிவிபரங்களும் இடையிடையே ஒலிக்கின்றன. நிகழ்ந்தவை யாவும் அண்மைக் காலத்திற் பிரித்தானியாவில் உண்மையாகவே நிகழ்ந்தவை என்ற அறிவிப்போடு நாடகம் முடிகின்றது. பார்த்தவர் இது கற்பனை என்று ஆறுதல் கொள்வதற்கு இடமே வைக்கப்படவில்லை.

அதன் விளைவு பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றைப் பிரித்து நோக்குவது அவசியம். வீடற்றோருக்கான 'ஷெல்ரர்' இயக்கம் நாடகம் ஒளிபரப்பாகிப் பதினைந்து நாட்களில், 1966 டிசம்பர் 1 இல் தொடங்கப்பட்டது. நாடகத்தினாலேயே அது பிறந்தது என்பர். உண்மையில் அதற்கான ஆயத்தங்கள் முன்னரே நடைபெற்றிருந்தன. நாடகம் எழுப்பிய உணர்ச்சி அதற்குப் பெருந்துணையாயிற்று. கணவனையும் மனைவியையும் பிரித்துவைக்கும் விடுதி விதியைச் சில நகரசபைகள் கைவிட்டன. இது சிறு வெற்றியன்று; அதன்பின் அவ்விடுதிகளிற் சேர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது முழு வெற்றியே. ஆயினும், வீடற்ற குடும்பங்களுக்கு இடமளிப்பதை உள்ளூராட்சிச் சபைகளின் சட்டபூர்வமான கடமையாக்கும் சட்டம் 1977 இலேதான் வந்தது. ஒரு கோடியே இருபது இலட்சம் பேரின் கண்ணீருக்கும் ஒரு சட்டத்துக்கும் இடையே பதினொரு ஆண்டுகள் கழிந்தன.

இந்த இடைவெளியை மற்றெவரையும்விட ஆழமாக உணர்ந்தவர் லோச்சே. அந்நாடகம் நிலம் யாருக்குச் சொந்தம், வீடு கட்டும் தொழில் யாருடைய இலாபத்துக்கு நடைபெறுகின்றது என்னும் கேள்விகளைத் தொடவில்லை என்று பிற்காலத்தில் அவர் தாமே குறை கூறினார். எல்லோரும் அழுதனர், எல்லோரும் பாராட்டினர், ஆனால் அமைப்பு அசையவில்லை. துன்பத்தைக் காட்டுவது போதாது, துன்பத்தின் வேரைக் காட்டவேண்டும் என்ற தெளிவுக்கு அவர் வந்தது இங்ஙனமே. அவரது கலை வாழ்வின் இரண்டாங் கட்டம் இத்தெளிவிலிருந்து தொடங்குகின்றது.

அக்கட்டத்தில் அவருக்கு வழித்துணையாக வாய்த்தவர் எழுத்தாளர் ஜிம் அலன். மன்செஸ்ரர் நகரத்தவரான இவர் பல்கலைக்கழகம் கண்டவரல்லர். கட்டட வேலையும் சுரங்க வேலையும் செய்து வாழ்க்கையைக் கற்றவர். இருவரும் சேர்ந்து படைத்த 'த பிக் ஃபிளேம்', அதாவது 'பெருந்தீ', 1969 பெப்ரவரியில் ஒளிபரப்பாயிற்று. லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தோடு நில்லாது, துறைமுகத்தையே கைப்பற்றித் தாமே நடத்துகின்றனர். முடிவில் அரசின் பலத்தால் முறியடிக்கப்படுகின்றனர். 1971 இல் வந்த 'த ராங் அன்ட் ஃபைல்', 1970 இல் சென்ட் ஹெலன்ஸ் நகரின் பில்கிங்டன் கண்ணாடித் தொழிற்சாலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தைப் பெயர் மாற்றிச் சித்திரித்தது. அங்கே தொழிலாளர் முதலாளியோடு மட்டுமன்றித் தம் சங்கத் தலைமையோடும் போராட நேர்ந்தது.

கேத்திக்காக அழுதவர்கள் இப்போது வேறு குரலிற் பேசத் தொடங்கினர். நாடகத்தையும் செய்திப் படத்தையும் கலந்து மக்களை மயக்குகின்றனர் என்ற குற்றச்சாட்டு ஓங்கிற்று. 1969 இல் பி.பி.சி. யின் சஞ்சிகையான 'ரேடியோ ரைம்ஸ்' இதே கருத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கார்னெட், லோச், அலன் முதலியோர் அதற்கு மறுப்புக் கடிதம் எழுதினர். உண்மையான ஆட்சேபம் வடிவத்தைப் பற்றியதன்று, உள்ளடக்கத்தைப் பற்றியது என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை நாம் ஏற்காமலிருக்க இயலாது. தொழிலாளி துன்பப்படுபவனாகத் தோன்றியபோது அதே கலப்பு வடிவம் மெச்சப்பட்டது. அவன் சிந்தித்துச் செயலாற்றுபவனாகத் தோன்றியதும் அது மோசடியாயிற்று!

எனினும் நியாயத்தை மறைத்தல் ஆகாது. இந்நாடகங்கள் யாவும் பொதுப்பணத்தில் இயங்கிய அந்நிறுவனத்தின் செலவிலேயே படைக்கப்பட்டன. அதன் அலைவரிசையிலேயே ஒளிபரப்பாயின. அந்நிறுவனம் அரசின் ஊதுகுழல் மட்டுமாக இருந்திருப்பின் இது சாத்தியமாகியிராது. அதனுள்ளே இடமும் இருந்தது, எல்லையும் இருந்தது. அந்த இடத்தை ஓரங்குலமேனும் அகலிப்பதற்கு உள்ளிருந்தே போராடியவர்களின் வரலாறாகவே இதனை நாம் காணவேண்டும்.

அப்போராட்டத்தின் உச்சம் 1975 இல் நான்கு பகுதிகளாக வந்த 'டேய்ஸ் ஒஃப் ஹோப்', 'நம்பிக்கை நாட்கள்'. 1916 இன் கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து 1926 இன் பொது வேலைநிறுத்தம் வரை, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவரின் வாழ்வினூடாகப் பிரித்தானியத் தொழிலாளர் இயக்கத்தின் பத்தாண்டுகளை அது விவரிக்கின்றது. தொழிலாளர் தோற்றது வலிமையின்மையாலன்று, தலைவர்களின் தயக்கத்தாலும் சமரசத்தாலும் என்பது அதன் முடிபு. பத்திரிகைகள் சீறின. படைவீரர் அணிவகுப்பு அக்கால முறைப்படி அமையவில்லை என்ற பிழையைக்கூடச் சிலர் பெரிதாக எடுத்துக் காட்டினர். வரிசையிற் பிழை கண்டவர்கள் வரலாற்றிற் பிழை காண்பது அத்துணை எளிதாக இருக்கவில்லை போலும்.

வேறொரு திசையிலிருந்தும் விமரிசனம் எழுந்தது. இடதுசாரித் திரைப்பட ஆய்விதழான 'ஸ்கிரீன்' இல் கொலின் மக்கேப் முதலியோர் யதார்த்த வடிவத்தையே வினாவுக்கு உள்ளாக்கினர். கண்முன் நிகழ்வதாகவே எல்லாவற்றையும் காட்டும் கலை, பார்ப்பவனைச் சிந்திக்க விடாது, ஆயத்தமான உண்மையொன்றை ஊட்டுகின்றது என்பது அவர்கள் கருத்து. யதார்த்தம் பற்றி ஓயாது வாதிட்டுவந்த நமக்கு இது அந்நியமான கேள்வியன்று. மக்கேப்பின் எச்சரிக்கையில் உண்மை உண்டு. படம் பொய் சொல்லும்போதும் மெய்போலவே தோன்றும். ஆனால் லோச்சின் நாடகங்களை ஊன்றிப் பார்ப்போர் அவற்றின் நடுநாயகமாக விளங்குவன கூட்டங்களும் வாதங்களுமே என்பதை உணர்வர். தொழிலாளர் மண்டபத்திற் கூடி, ஒருவரையொருவர் மறுத்து, தடுமாறி, முடிவெடுக்கின்றனர். பார்ப்பவனும் ஒரு பக்கத்தைத் தெரிவுசெய்தாக வேண்டும். சிந்தனையையே நிகழ்ச்சியாக்கும் யதார்த்தத்தைச் சிந்தனைக்குப் பகையெனக் கூறல் பொருந்தாது.

அவர் நடிகரை நடத்திய முறையும் இந்நோக்கத்தோடு இணைந்ததே. கதையை நிகழும் ஒழுங்கிலேயே படம்பிடித்தல், அடுத்து வருவதை நடிகருக்கு முன்கூட்டி உணர்த்தாதிருத்தல், அவ்வப் பிரதேசத்தவரையே அவ்வப் பேச்சுவழக்கிற் பேசவிடுதல் என்பன அவர் வழக்கம். பாரி ஹைன்ஸின் நாவலிலிருந்து 1969 இல் அவர் ஆக்கிய 'கெஸ்' திரைப்படத்தில், பிரம்படி பெறும் மாணவர் உண்மையாகவே அடி விழுமென அறிந்திருக்கவில்லை. அவர்கள் முகத்திலே தோன்றுவது நடிப்பன்று. இம்முறையின் நியாயம் பற்றி நமக்கு ஐயமுண்டு. உண்மையைத் தேடும் கலையும் குழந்தையின் கையில் அடிக்க உரிமை பெற்றதன்று. ஆனால் நாவலை எழுதிய ஹைன்ஸ் ஓர் ஆசிரியர். கொடுமைக்கார விளையாட்டாசிரியராக நடித்தவரும் ஓர் ஆசிரியர். நம் தொழிலை நாமே கண்ணாடியிற் பார்க்கும் துணிவு அதில் உண்டு.

1977 இல் ஹைன்ஸின் எழுத்தில் வந்த 'த பிரைஸ் ஒஃப் கோல்' இரு பகுதிகளையுடையது. முதற் பகுதியில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் இளவரசரின் வருகைக்காகச் சாயம் பூசி அலங்கரிக்கப்படுகின்றது, சிரிப்புக்குக் குறைவில்லை. இரண்டாம் பகுதியில் அதே சுரங்கத்தில் வெடி விபத்து நிகழ்ந்து தொழிலாளர் மடிகின்றனர். அலங்காரத்துக்குப் பணம் கிடைத்த இடத்தில் உயிருக்கு என்ன விலை என்பதைப் பார்ப்பவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். அவ்வாண்டிலேயே தமக்கு வழங்க முன்வந்த அரச விருதை லோச் மறுத்தார்.

1979 இல் மார்கரட் தட்சர் ஆட்சிக்கு வந்தபின் காலம் மாறிற்று. நாடகம் ஆக்கி வெளியிட ஆண்டுகள் செல்லும். தொழிற்சங்கங்கள் நாளுக்கு நாள் தாக்கப்படுகின்றன என்று கருதிய லோச் செய்திப் படங்களுக்குத் திரும்பினார். தொழிற்சங்கத் தலைமை பற்றி நான்காம் அலைவரிசைக்காக அவர் ஆக்கிய 'குவெஸ்சன்ஸ் ஒஃப் லீடர்ஷிப்' என்ற நான்கு படங்கள், 1983 இற் சமநிலையற்றவை என்ற காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டன. அவை ஒளிபரப்பாகவே இல்லை. 1984 இன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, அவர்களுடைய பாட்டையும் கவிதையையும் பற்றி அவர் எடுத்த படத்தை, கேட்டு வாங்கிய நிறுவனமே ஒளிபரப்ப மறுத்தது. அது பின்னர் 1985 ஜனவரியில் நான்காம் அலைவரிசையில் வெளிவந்தது. 1966 இல் நாட்டின் நாலிலொரு பங்கினரைக் கட்டிப்போட்ட நெறியாளர், எண்பதுகளில் ஏறக்குறைய வேலையற்றவரானார். பிழைப்புக்காக வர்த்தக விளம்பரங்களையும் இயக்கினார். அவற்றுள் ஒன்று தம் மனச்சாட்சியை உறுத்துவதாக அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இதனை மறைத்து அவரைத் திருவுருவாக்குவது நம் நோக்கமன்று. கலைஞனும் கூலி பெற்று வாழ்பவனே. வேலை மறுக்கப்படும்போது கொள்கையும் பசியும் ஒரே மேசையில் அமர்கின்றன.

1990 இன் பின்னர் அவர் திரைப்படத்திலே புது வாழ்வு பெற்றார். அயர்லாந்து விடுதலைப் போரைப் பற்றிய படத்துக்காக 2006 இலும், 'ஐ, டானியல் பிளேக்' என்னும் படத்துக்காக 2016 இலும் கான் திரைப்பட விழாவின் தலைப்பரிசைப் பெற்றார். இரண்டாவது படம் நம் சிந்தனைக்குரியது. இருதய நோயால் வேலை செய்ய இயலாத தச்சன் ஒருவன் அரச உதவிக்காக அலைக்கழிக்கப்படுகின்றான். வாடகைக்கு இடமில்லாது இலண்டனிலிருந்து தொலைநகருக்கு அனுப்பப்பட்ட ஓர் இளந் தாய், பசி தாங்காது உணவு வங்கியில் நின்றவாறே தகரத்தைத் திறந்து உண்கின்றாள். கேத்திக்கும் இவளுக்கும் இடையே சரியாக ஐம்பது ஆண்டுகள். புகையிரத நிலைய வாங்கில் அமர்ந்திருந்தவள் எழுந்து உணவு வங்கி வரிசையில் நிற்கின்றாள், அவ்வளவே வேறுபாடு.

அப்படியாயின் அந்நாடகங்கள் தோற்றனவா? நாம் அவ்வாறு கருதவில்லை. கலை சட்டமியற்றுவதில்லை, வீடு கட்டுவதுமில்லை. வீடற்றவன் தன் குற்றத்தால் வீடற்றவனானான் என்ற பொய்யை, அதனை நம்பியிருந்தவனது வீட்டுக்குள்ளேயே சென்று அது உடைக்கும். அதன் பின்னர் செய்யவேண்டியதை மக்களே செய்யவேண்டும். லோச்சின் வாழ்வு வேறோர் உண்மையையும் நமக்கு உணர்த்துகின்றது. ஏழையின் துயரத்துக்கு அரங்கம் கிடைப்பது அரிதன்று. அத்துயரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் குரலுக்கே கதவு மூடப்படுகின்றது. நம் மாணவர் எந்த நாடகத்தைப் பார்த்தாலும், எந்தக் கதையைப் படித்தாலும், அழுது முடித்தபின் அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுப்போமாயின், அதுவே இவ்வரலாற்றை நாம் கற்றதன் பயனாகும்.